தினமும் 12 கிலோமீட்டர் ஓடியும் சோராத பார்டர் கோலி, இன்னும் எவ்வளவுதான் ஓட்டுவது?

தூக்கம்_போனவன்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் 14 மாத ஆண் பார்டர் கோலி (ஆடு மேய்க்கும் நாய் இனம்) இருக்கிறான், பெயர் கரிச்சான். இதற்கு முன் இரண்டு நாய்கள் வளர்த்திருக்கிறேன், காலையில் ஒரு சுற்று மாலையில் ஒரு சுற்று போய் வந்தால் சுருண்டு படுத்துவிடும், அந்த நினைப்பில்தான் இவனையும் கொண்டு வந்தேன். தரும்போதே "இந்த இனத்துக்கு ஓட்டம் நிறைய வேண்டும்" என்று சொல்லித்தான் தந்தார்கள். சரி, எனக்கும் தொப்பை குறையட்டும் என்று நினைத்தேன். தொப்பை குறைந்தது, நாய்தான் அடங்கவில்லை.

இப்போதைய கணக்கு இது: காலையில் சைக்கிளோடு 6 கிலோமீட்டர், மாலையில் மறுபடி 6, அப்புறம் திறந்த மைதானத்தில் பந்து வீசும் கோலை வைத்து முக்கால் மணி நேரம். அவனுக்கு எட்டு மாதமானபோது 3 கிலோமீட்டரில் ஆரம்பித்தது, அடங்கவில்லை அடங்கவில்லை என்று கூட்டிக் கூட்டி இங்கே வந்து நிற்கிறது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடித்துப் பத்து நிமிடம் படுப்பான். பிறகு பந்தைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டுவிட்டு, பந்தைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், மறுபடி பந்தைப் பார்ப்பான். நான் கவனிக்கவில்லை என்றால் மூக்கால் அதை என் பாதத்தின் மேலேயே உருட்டி விடுவான். இரவு ஒன்பதரை வரை இதுதான்.

இது தவிர, ஆறு வயது மகள் ஓடினால் பக்கவாட்டில் வளைத்துப் போய்க் குதிகாலைக் கவ்வுகிறான். ரத்தம் வந்ததில்லை, போன வாரம் சாக்ஸ் கிழிந்தது. விருந்தாளிகள் வந்தால் எல்லோரையும் ஒரே மூலைக்குக் கொண்டுவந்து சேர்க்கப் பார்க்கிறான், யாராவது எழுந்தால் போய் மறிக்கிறான், அவர்களுக்குச் சிரிப்பு, எனக்குச் சங்கடம். துணி துவைக்கும் மெஷின் ஓடினால் அது நிற்கும்வரை அதன் முன்னால் தாழ்ந்து உட்கார்ந்து பார்க்கிறான். இரவில் போன் வெளிச்சம் சுவரில் பட்டால் துரத்துகிறான், வெளிச்சம் போன பிறகும் வெறும் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். இன்னும் எத்தனை கிலோமீட்டர்? ட்ரெட்மில் வாங்கலாமா? "நாயா நானா" என்று வீட்டில் இன்னும் யாரும் கேட்கவில்லை, ஆனால் பேச்சு அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ஓட்டப்பிரியன்:

ட்ரெட்மில் வாங்குங்கள் சார். நான் வாங்கினேன், என் ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் அரை மணி நேரம் அதில் ஓடிவிட்டுத்தான் சாப்பிடவே வருவாள். மழைக்காலத்தில் பெரிய உதவி.

மூன்று_கோலி_வீடு:

தயவுசெய்து ட்ரெட்மில் வேண்டாம், உங்கள் விஷயத்தில் நிச்சயமாக வேண்டாம். ஓட்டப்பிரியன் அவர்களுக்கு அது சரிப்பட்டிருக்கலாம், அவருடைய நாய் இறங்கிய பிறகு சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறது. உங்களுடையது படுக்கவே மாட்டேன் என்கிறதே, சிக்கலே அங்கேதான்.

நீங்கள் எழுதியதையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 3 கிலோமீட்டரில் ஆரம்பித்து 12-க்கு வந்திருக்கிறீர்கள். ஆறு மாதமாக ஒழுங்காக ஓட்டப்பயிற்சி கொடுத்து ஒரு மாரத்தான் வீரனை உருவாக்கிவிட்டு, ஏன் களைக்க மாட்டேன் என்கிறான் என்று கேட்கிறீர்கள். எனக்கு இதில் சிரிக்க உரிமை கிடையாது, ஏனென்றால் என் முதல் கோலிக்கு நானும் அச்சு அசலாக இதையேதான் செய்தேன். 12-ஐ 18 ஆக்கினால் மூன்று வாரம் களைப்பான், நாலாவது வாரம் 18-க்கும் பழகிவிடுவான், அப்போதும் பந்து உங்கள் காலடியில்தான் இருக்கும்.

பந்து விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. முக்கால் மணி நேரம் பந்து வீசுவது என்றால் எண்ணிப் பாருங்கள், நிமிடத்துக்கு இரண்டு என்று வைத்தாலும் தொண்ணூறு முறை. ஒவ்வொன்றும் முழு வேகத்தில் ஓடி, சறுக்கி நின்று, முன்னங்கால் மணிக்கட்டில் மொத்த எடையையும் வைத்துத் திரும்புவது. உடம்புக்குக் கெடுதல் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த முக்கால் மணி நேரமும் அவன் உச்சகட்டப் பரபரப்பில் இருக்கிறான். நாம் வெளியிலிருந்து பார்த்து "நன்றாக விளையாடினான், களைத்திருப்பான்" என்று நினைக்கிறோம். உடம்பு களைத்திருக்கும், மூளை இன்னும் மைதானத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பாதத்தின் மேல் பந்தை உருட்டுவது ஆசையால் இல்லை, நிறுத்தத் தெரியாததால்.

நான் செய்தது: பந்து வீசும் கோலைத் தூக்கிப் பரணில் போட்டேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு வீச்சு மட்டும், அதுவும் கையால், கிட்டத்தில். அவன் படுத்து, நான் வீசி, பந்து உருண்டு நின்ற பிறகு "போ" என்றால்தான் போக வேண்டும். அந்தக் காத்திருப்பு ஓட்டத்தைவிட அவன் மூளைக்கு அதிக வேலை, முதுகுத் தோல் துடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு வேளைச் சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல் புல்லில் இறைத்துவிடுவேன், மோந்து மோந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க இருபது நிமிடம் ஆகும். காலை நடை 10 மீட்டர் நீளக் கயிற்றில், ஹார்னஸ் என்கிற மார்புப் பட்டை போட்டு (கழுத்துப்பட்டையில் நீளக் கயிறு கட்டாதீர்கள், ஓடிப் போய்க் கயிறு முடிந்ததும் கழுத்து வெட்டி இழுக்கும்). எந்தப் புதரை எவ்வளவு நேரம் மோக்க வேண்டும் என்பது அவன் முடிவு. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை கிலோமீட்டர் கூடப் போக மாட்டோம், வந்து படுத்தான் என்றால் இரண்டு மணி நேரம் அசைய மாட்டான்.

அப்புறம் ஒன்று, அவன் எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்று மூன்று நாள் குறித்துப் பாருங்கள். வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறக்குறைய பாதி நேரம், 12 முதல் 14 மணி நேரம் வரை தூங்கும். உங்களுடையது எட்டோ ஒன்பதோதான் தூங்குகிறது என்று எனக்குச் சந்தேகம். தூக்கம் போதாத குழந்தை சாயங்காலம் எப்படி ஆடும் என்று வீட்டில் தெரிந்திருக்குமே.

கிடைக்காரன்:

நான் ஆடு வைத்திருப்பவன், வேலைக்கு நாய்களைப் பழக்குகிறவன். மேலே சொன்னது பெரும்பாலும் சரி, ஆனால் ஒரு இடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன், "ஓட்டம் வேண்டாம், மோப்பம் போதும்" என்று யாரும் புரிந்துகொண்டுவிடக் கூடாது. மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் மந்தையைத் திரட்டும் நாளில் இந்த நாய்கள் போகிற தூரத்தைப் பார்த்தால் உங்கள் 12 கிலோமீட்டர் ஒன்றுமே இல்லை. ஓடத்தான் பிறந்தவை. ஆனால் எப்படி ஓடுகின்றன என்பதைப் பாருங்கள்.

அனுப்பியதும் ஆட்டை நோக்கி நேராகப் போகாது, அகலமாக ஒரு வளைவு எடுத்து மந்தைக்குப் பின்னால் போய் நிற்கும். அங்கே நின்று, தலையைத் தாழ்த்தி, ஒரு பார்வை. ஆடுகள் மெல்ல நகர ஆரம்பித்ததும் அடிமேல் அடி வைத்து ஓட்டிக்கொண்டு வரும். ஒன்று விலகினால் போய் மடக்கும். நடுவில் "படு" என்றால் ஓடுகிற ஓட்டத்திலேயே படுக்கும். பட்டிக்குள் ஆடு எண்ணும்போதும் மருந்து ஊற்றும்போதும் ஒரு மணி நேரம் வேலியோரம் சும்மா கிடக்கும். ஆக ஓடு, நில், யோசி, காத்திரு, மறுபடி ஓடு. கடைசியில் "தட் வில் டூ" என்று ஒரு சொல், போதும் வா என்று அர்த்தம், அதோடு வேலை முடிந்தது என்று அதற்குத் தெரியும். உங்கள் சைக்கிள் ஓட்டத்தில் ஓடு மட்டும்தான் இருக்கிறது. பந்திலும் அப்படியே. முடிந்தது என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை.

இந்தப் பார்வையும் பதுங்கலும் கெட்ட பழக்கம் இல்லை, வேட்டை மிருகத்திடம் இருக்கும் பார்த்தல், பதுங்கல், துரத்தல், கடித்தல், கொல்லுதல் என்ற வரிசையில் முதல் மூன்றை வளர்த்துக் கடைசி இரண்டை அடக்கி உருவாக்கிய இனம் இது. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து எல்லைப் பகுதியில் 1893-இல் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற நாயைத்தான் இந்த இனத்தின் மூதாதை என்பார்கள், குரைக்காமல், கடிக்காமல், பார்வையிலேயே ஆட்டை நகர்த்தியதுதான் அதன் பெருமை. உங்கள் வீட்டில் ஆடு இல்லை. அதனால் மெஷினும் விருந்தாளியும் உங்கள் மகளும்தான் மந்தை. ஆஸ்திரேலியன் கேட்டில் டாக், கார்கி இதெல்லாம் மாட்டின் குதிகாலைக் கடித்தே ஓட்டுகிற இனங்கள், அவற்றோடு ஒப்பிட்டால் உங்கள் ஆள் சாது.

என்ன செய்யலாம் என்றால், வாயில் அடங்காத பெரிய பந்து ஒன்று வாங்குங்கள், கவ்வ முடியாத அளவு, உடற்பயிற்சிப் பந்து கூடச் சரி. மூக்காலும் தோளாலும் தள்ளி ஒரு இடத்துக்குக் கொண்டுவரப் பழக்குங்கள். ஜெர்மனியில் இதை ட்ரைபால் என்று ஒரு விளையாட்டாகவே நடத்துகிறார்கள், ஆடு இல்லாத மேய்ச்சல் நாய்களுக்காக வந்ததுதான் அது. அவன் பந்துக்குப் பின்னால் போய் நிற்பது ஒரு பாடம், படுப்பது ஒரு பாடம், உங்களை நோக்கித் தள்ளுவது ஒரு பாடம். இடம் வலம் பழக்கலாம், நாங்கள் கடிகாரம் சுற்றும் திசைக்கு "கம் பை" என்றும் எதிர்த்திசைக்கு "அவே" என்றும் சொல்வோம், நீங்கள் எந்தச் சொல்லும் வைத்துக்கொள்ளலாம், மாற்றாமல் இருந்தால் சரி. பத்து நிமிடம் போதும். முடிந்ததும் ஒரே சொல் சொல்லிப் பந்தைக் கண் மறைவில் வையுங்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவன் என்ன கெஞ்சினாலும் பந்து திரும்ப வரக் கூடாது, ஒரு தடவை வந்தாலும் அந்தச் சொல் செத்துப் போகும்.

இன்னொன்று, நாய்கள் கூடி விளையாடும் இடத்தில் மற்ற நாய்களை இவன் வளைத்து வளைத்து ஓட்டுவதை "ஆசை தீர்க்கிறான்" என்று விட்டுவிடாதீர்கள். மற்ற நாய்களுக்கு அது பிடிக்காது, ஒரு நாள் சண்டையில் முடியும். ஆட்டுப் பக்கமும் தெரிந்தவர் துணையில்லாமல் விடாதீர்கள்.

ஊசி_போடுபவள்:

கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறேன், அந்தக் கோணத்தில் கொஞ்சம்.

எட்டு மாதத்திலிருந்து சைக்கிளோடு ஓட்டம் என்பது சீக்கிரம். எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் இந்த அளவு நாய்களுக்குப் பொதுவாக ஒரு வயது தாண்டித்தான் முழுதாக மூடும். அதுவரை நாய் தன் இஷ்டத்துக்கு ஓடி, தன் இஷ்டத்துக்கு நிற்பது வேறு, கயிற்றில் கட்டுண்டு ஒரே வேகத்தில் கடினத் தரையில் கிலோமீட்டர் கணக்கில் போவது வேறு. இப்போது நொண்டல் இல்லை என்றாலும் ஒரு தடவை தோள், இடுப்பு, மணிக்கட்டு எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இந்த இனம் வலியைக் காட்டாது, அதுவும் பந்து கண்ணெதிரே இருந்தால் மூன்று காலில் கூட ஓடும்.

வெயில் நேரத்தில் பந்தே வேண்டாம். நாய்க்கு மூச்சிரைத்துத்தான் சூடு தணிய வேண்டும், சாதாரண உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி, கடும் ஓட்டத்தில் அது 41-ஐத் தொட அதிக நேரம் ஆகாது. நாக்கு அகலமாகி ஒரு பக்கம் தொங்குவது, எச்சில் கெட்டியாக நூல் விடுவது, திரும்பும்போது பின்னங்கால் தள்ளாடுவது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் நிறுத்துங்கள். தானாக நிற்பான் என்று காத்திருக்காதீர்கள், நிற்க மாட்டான். தள்ளாடினால் முதலில் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள், ஊற்றிக்கொண்டே காற்றுப் படும்படி செய்யுங்கள், அப்புறம் மருத்துவரிடம் கொண்டு போங்கள். பார்டர் கோலிகளில் தனியாக ஒரு கோளாறும் உண்டு. வெயிலே இல்லாவிட்டாலும், 5 முதல் 15 நிமிடம் கடுமையாக ஓடியதும் திசை தெரியாமல் தடுமாறி, கால் பின்னி விழும், அரை மணிக்குள் ஒன்றுமே நடக்காதது போல எழுந்துவிடும். ஒரு தடவை பார்த்தாலும் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், அங்கே போய்ச் சேரும்போது அவன் வால் ஆட்டிக்கொண்டிருப்பான், வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்பட வைத்தது குதிகால் கூட இல்லை, அந்தச் சுவர். வெளிச்சத்தையும் நிழலையும் துரத்துவது இந்த இனத்தில் விளையாட்டாக ஆரம்பித்து விடாப்பிடிப் பழக்கமாக மாறிவிடும். லேசர் விளக்கு வீட்டில் இருந்தால் இன்றே தூக்கி எறியுங்கள், பிடிக்கவே முடியாத இரையைத் துரத்த வைப்பது அது. போனைக் கவிழ்த்து வையுங்கள், இரவில் திரைச்சீலை போடுங்கள், மெஷின் ஓடும்போது அந்த அறைக் கதவைச் சாத்துங்கள். பார்த்து நிற்கும்போது திட்டாதீர்கள், பெயரைச் சொல்லி வேறு அறைக்குக் கூப்பிட்டு வேறு வேலை கொடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால், அல்லது கூப்பிட்டாலும் காதில் விழாதது போல நின்றால், மருத்துவரிடம் தனியாக இதைப் பற்றியே பேசுங்கள். மருந்து தேவைப்படுகிற நாய்களும் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மகள் விஷயம்: ஆறு வயதுக் குழந்தையையும் இவனையும் பெரியவர் பார்வை இல்லாமல் ஒரே அறையில் விடாதீர்கள், கொஞ்ச நாளைக்காவது நடுவில் தடுப்புக் கதவு வையுங்கள். அவளுக்கு "சிலை" விளையாட்டு சொல்லிக்கொடுங்கள், அவன் வளைத்து வந்தால் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். அலறி ஓடினால் அவனுக்கு அது ஆடு தப்பிப்பது மாதிரிதான்.

மூன்று_கோலி_வீடு:

கிடைக்காரன் ஐயா, ஓட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை :) ஆனால் நீங்கள் சொன்ன "முடிந்தது" என்ற சொல்லை நான் எழுத மறந்துவிட்டேன், அதுதான் முக்கியம். வாரத்தில் மூன்று நாள் திறந்த வெளியில் அவிழ்த்துவிட்டு இஷ்டத்துக்கு ஓட விடுவேன், கூப்பிட்டால் வரும் என்று உறுதியான பிறகுதான்.

இந்த இனத்துக்குப் பொருள்களின் பெயர் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், மழை நாளுக்கு அதுதான் கை கொடுக்கும். அமெரிக்காவில் சேஸர் என்ற பார்டர் கோலி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளின் பெயர்களைக் கற்றது, 2011-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. கற்றுக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற உளவியல் பேராசிரியர், அவருக்கு நேரம் இருந்தது. என் வீட்டில் இருபத்திரண்டோடு நிற்கிறது, அதில் இரண்டு செருப்பு.

தூக்கம்_போனவன்:

நாலு வாரம் கழித்து எழுதுகிறேன், இடையில் பதில் போடாததற்கு மன்னிக்கவும்.

தூக்கத்தைக் குறித்தேன். எட்டே முக்கால் மணி நேரம். சைக்கிளை நிறுத்திவிட்டேன், மருத்துவரிடம் காட்டினேன், இடது தோளில் கொஞ்சம் இறுக்கம் இருக்கிறது, பந்தை இரண்டு மாதம் விடச் சொன்னார். ஆக பந்து விஷயம் எங்கள் கையை விட்டே போய்விட்டது. முதல் ஐந்து நாள் நரகம், பொய் சொல்ல மாட்டேன். பந்து இல்லை என்றதும் ஒரு வெங்காயத்தைக் கொண்டுவந்து என் பாதத்தில் உருட்டினான்.

பெரிய மாற்றம் பாயிலிருந்துதான் வந்தது. பழைய பாய் ஒன்றை மடித்துக் கூடத்தில் போட்டு, அதில் படுத்தால் மட்டும் முன்னங்கால்களுக்கு நடுவில் ஒரு துண்டு தீனி, எழுந்தால் ஒன்றும் இல்லை, திட்டும் இல்லை. முதல் நாள் நாற்பது நொடி. இடுப்பை ஒரு பக்கம் சாய்க்காமல், எந்த நேரமும் பாயத் தயாராக நாலு காலையும் மடித்துக்கொண்டுதான் படுத்தான். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெருமூச்சு கேட்டது, பார்த்தால் இடுப்பு சாய்ந்திருந்தது, தாடை பாயில் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், சத்தம் போடாமல் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். இப்போது தூக்கம் பன்னிரண்டு மணி நேரத்தைத் தொடுகிறது. சுவரைப் பார்ப்பது வாரத்துக்கு ஒரு தடவைதான், கூப்பிட்டால் வந்துவிடுகிறான். பெரிய பந்தைத் தோள் சரியான பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும், அதற்குள் எட்டுப் பொம்மைப் பெயர் கற்றிருக்கிறான், மகள்தான் வாத்தியார்.

ஒரு சந்தேகம். மகள் கூடத்தில் ஓடும்போது பாயை விட்டு எழுவதில்லை, ஆனால் கண் மட்டும் அவள் பின்னாலேயே போகிறது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம், விடாமல். இதையும் நிறுத்த வேண்டுமா?

கிடைக்காரன்:

தாடை பாயில் இருந்து கண் மட்டும் போனால் விட்டுவிடுங்கள். தாடை எழுந்து, வாய் மூடி, காது முன்னால் வந்து, தோள் தாழ்ந்தால் அது பதுங்கல், அப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு பொம்மையை எடுத்துவரச் சொல்லுங்கள். வெங்காயத்தை மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள், நாய்க்கு ஆகாது.